வாவிக்கரையில் கேட்ட ஒலிகள்

மட்டக்களப்பைக் காண வருவோர் பெரும்பாலும் புளியந்தீவிலுள்ள கோட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லடிப் பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு, பாசிக்குடாவில் நீராடி ஊர் திரும்பிவிடுகின்றனர். வாவியை முழுதுஞ் சுற்றி வந்தோர் மிகச் சிலரே. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டினாற்போற் கிடக்கும் நீர்ப்பரப்பு இது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கியதொரு மணற்றிட்டு. அத்திட்டின்மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர்கள். ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இவ்வூர் மக்கள் வழங்குவர். திசையைச் சுட்ட இதனினும் அழகிய சொற்களை நாம் வேறெங்குங் கேட்டதில்லை.

இரு கரைகளையும் ஒரே நாளில் வண்டியிற் சுற்றிவருவது இப்பொழுது எளிது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, அக்காலத் தேசாதிபதியின் மனைவியான மனிங் சீமாட்டியின் பெயரைத் தாங்கிய இரும்புப் பாலத்தின் அருகிலேயே, கல்லடியில் 2013ஆம் ஆண்டிற் புதிய பாலம் எழுந்தது. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு வரை மக்களும் வண்டிகளும் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தனர். (பாதை என்பது இங்கே வீதியன்று, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை.) இன்று அங்கும் ஒரு பாலம் உண்டு. ஆகவே சென்ற ஆடி மாதத்தில் எம் நண்பரொருவர் தம் மகளோடு எம்மில்லத்துக்கு வந்தபோது, இருவரையும் வாவியைச் சுற்றி அழைத்துச் செல்வதென முடிவு செய்தோம். அவர்கள் வந்த வண்டி அம்முடிவுக்கு ஓர் இடையூறாக இருந்தது. அந்த இடையூற்றின் கதையே இக்கட்டுரையிற் பெரும்பகுதி.

அது 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அபிங்டன் நகரிற் செய்யப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட் என்னும் சிறு மோட்டார் வண்டி. இருவர் மட்டுமே அமரலாம்; பின்னால் உள்ள சிறு இடுக்கில் எம்மைப் போன்ற மூன்றாமவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்க வேண்டியதுதான். மேற்கூரை துணியாலானது. வண்டியின் மொத்த நிறை ஏறத்தாழ 700 கிலோகிராம். நண்பரின் தந்தையார் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கியது. அவர் மறைந்த பின் நண்பர் அதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகள் மீண்டும் வரத்தொடங்கிய எம் நாட்டில், பழைய வண்டியைப் பேணுவது வெறும் பற்றினால் மட்டுமன்று, தேவையாலுந்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இவ்வண்டி யாருக்கு என்ன உறவு என்பதும் சுவையான செய்தி. 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒஸ்ரின், மொறிஸ் என்ற இரு பெரும் நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பின் ஒன்றன் உறுப்பை மற்றொன்றன் வண்டியிற் பொருத்துவது வழக்கமாயிற்று. மிட்ஜெட்டின் முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பு ஒஸ்ரின் ஏ35 என்ற குடும்ப வண்டியிலிருந்து வந்தது. சுக்கானைத் திருப்பும் பல்லிணைப்போ மொறிஸ் மைனரிலிருந்து வந்தது. மொறிஸ் மைனரை அறியாத இலங்கையர் உண்டா? ஆசிரியர்களும் வைத்தியர்களும் எழுதுவினைஞர்களும் ஓட்டிய அந்த வண்டியின் உடன்பிறப்பே இந்த உல்லாச வண்டி. இதனாலேயே கொழும்பிற் கிடைக்காத அறிவு சில வேளைகளில் நாட்டுப்புறத்துத் தகரக் கொட்டகையிற் கிடைக்கிறது.

வண்டி எம் வாசலுக்கு வருமுன்னரே அதன் ஒலி வந்துவிட்டது. சிறு பள்ளத்தில் விழுந்தாலும் முன்பக்கத்தில் ‘டொக், டொக்’ என்று யாரோ மரப்பெட்டியைத் தட்டுவது போன்ற ஓசை. நண்பர் இறங்கியதும் வணக்கஞ் சொல்ல முன்னர் அதைப் பற்றியே முறையிட்டார். ஆறு மாதங்களுக்கு முன் வண்டியில் ஏதோ ஓசை கேட்கிறதென்று தலைநகரிலுள்ள ஒரு கராச்சிற் கொடுத்தாராம். அவர்கள் முன்பக்கத்து அதிர்வொடுக்கிகள் இரண்டையும் மாற்ற வேண்டுமென்றனராம். வெளிநாட்டிலிருந்து தருவித்து மாற்றியும் ஆயிற்று. செலவைக் கேட்டு நாம் மலைத்தோம். ஒலியோ முன்னிலும் பன்மடங்காயிற்று. “புதியவையும் பழுதானவைதாம்” என்பது நண்பரின் தீர்ப்பு.

அன்றிரவு நிலா நன்றாக எறித்தது, மறுநாள் நோன்மதி. ஆகையால் வண்டியை மறந்து, தோணிக்காரர் ஒருவரோடு பேசி, நள்ளிரவுக்குச் சற்று முன்னர்க் கல்லடிப் பாலத்தருகே வாவியில் இறங்கினோம். மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பர் அல்லவா? அப்பாட்டைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக்கொள்ள வேண்டும். காதை வெறுமனே நீட்டினால் ஒன்றுங் கேளாது. துடுப்பிற் காதை வைத்ததும் நரம்புக் கருவியொன்றை மெல்லச் சுண்டினாற் போன்ற இசை எழும். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கில அதிகாரியும் இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். தோணியின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி மிகுந்ததென்பதை அவரும் குறித்திருக்கிறார். பாடுவது மீனன்று, ஊரியே என்பது அவருக்குச் சொல்லப்பட்ட செய்தி. மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

நாம் கற்பிப்பது பௌதிகவியல். ஆதலால் மாணவர்க்காக ஒரு சொல். வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரில் 1,500 மீற்றர். ஆனால் விரைவன்று இங்கே முதன்மை. நீரிலெழும் ஒலி நீர்மட்டத்தை முட்டும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே வளிக்குள் நுழையும். எஞ்சியது அப்படியே கீழே திரும்பிவிடும். நீருக்கும் மரத்துக்கும் அத்துணைப் பகையில்லை. நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து எலும்புக்கும் ஒலி வழுக்கிச் செல்லும். துடுப்பு ஒலியை உண்டாக்குவதில்லை; அதற்கு வழிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் படிக்கும் நண்பரின் மகள் துடுப்பைக் காதிலிருந்து எடுக்கவே மறுத்துவிட்டாள். பாலத்தில் ஒரு லொறி வந்தபோது மட்டும் முகத்தைச் சுளித்தாள். அது கடந்து மறையும் வரை பாட்டில்லை. வாகனங்கள் மிகுந்துவிட்ட இக்காலத்தில், நகரம் உறங்கும் வரை பொறுத்திருப்போர்க்கே இந்தக் கச்சேரி.

மறுநாட் காலை மூவருமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். கல்லடியில் விபுலானந்த அடிகள் 1929ஆம் ஆண்டில் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தையும், அதன் வளவில் அடிகளின் சமாதியையும் வணங்கினோம். காத்தான்குடியின் கடைத்தெரு, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி, ஓந்தாச்சிமடம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடப்பக்கத்தே தென்னைகளுக்கு அப்பாற் கடல். வலப்பக்கத்தே வீடுகளுக்கு அப்பால் வாவி. கல்லாற்றில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடத்தைப் பாலத்தின்மேலிருந்து பார்த்தோம்.

பிரதான வீதி நன்றாகச் செப்பனிடப்பட்டிருப்பதால் வண்டி அவ்வளவாக முறையிடவில்லை. காரைதீவு வரை சென்றோம். 1892ஆம் ஆண்டில் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் அது. தமிழறிஞர் எனவும் துறவி எனவும் அவரைப் போற்றும் நாம், அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். மறைந்துபோன யாழை மீட்க முனைந்தபோது அவர் இலக்கியத்தோடு நிற்கவில்லை. சுருதிகளைக் கணக்கிட்டு, ஒலியியலின் துணையோடு நரம்புகளை ஆராய்ந்தார். 1947ஆம் ஆண்டில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இந்த வாவியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் ஒலியை ஆராயப் புகுந்தது எமக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

திரும்பும்போது களுவாஞ்சிக்குடியில் மேற்கே திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில் இறங்கினோம். உலகமே மாறிவிட்டது. கடை இல்லை, சந்தடி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை வயல், இடையிடையே மருத மரங்கள், எருமைகள், வானத்தைத் தொட்டுக்கொண்டு கச்சான் காற்று. பழுகாமம், அம்பிளாந்துறை வழியாகக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசிக்கச் செல்லுங்கால், உள்வழியொன்று நிழல் மிகுந்திருக்கக் கண்டு நண்பர் அதில் வண்டியைத் திருப்பினார். கிறவல் வீதி. நீர் ஓடி வரிவரியாக அரித்துப்போன வழி. ‘டொக், டொக்’ என்றிருந்தது ‘டொக டொக டொக’ என்றாயிற்று. வயலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. எம் காலடியில் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல் இருந்தது.

பாரமான வண்டியில் இத்துணை ஆட்டம் இராது. ஏனெனில் வில்லின்மேல் உட்கார்ந்திருக்கும் உடலின் நிறைக்கும், வில்லுக்குக் கீழே வீதியோடு துள்ளும் சில்லு, அச்சு முதலியவற்றின் நிறைக்கும் உள்ள விகிதமே பயணத்தின் சுகத்தைத் தீர்மானிக்கிறது. உடல் இலேசானால் சில்லின் துள்ளல் உடலையும் உலுக்கும். ஒட்டகத்தின்மேல் எறும்பு ஏறினால் ஒட்டகம் அசையாது. ஆட்டுக்குட்டியின்மேல் பூனை பாய்ந்தால் குட்டி தள்ளாடும். உல்லாச வண்டிக்காரர்கள் இந்தத் தள்ளாட்டத்தைத்தான் ‘வீதியை உணர்தல்’ என்று பெருமையோடு கூறுகிறார்கள் போலும். இடுக்கில் ஒடுங்கியிருந்த எமக்கு அப்பெருமையிற் பங்கு கொள்ள இயலவில்லை.

கோயிலை வணங்கி, மண்முனைப் பாலத்தைக் கடந்து மீண்டும் எழுவான்கரையை அடைந்தபோது மாலை நான்கு மணி. ஆரையம்பதியில் எமக்குத் தெரிந்த ஒரு கராச் உண்டு. கராச் என்பது பெரிய சொல். வேப்ப மரத்தோடு சாய்த்த தகரக் கொட்டகை. நடுவே ஆள் இறங்கி நிற்கத்தக்க ஒரு குழி. அதன் உடைமையாளர் எழுபதை அண்டியவர். ஊரார் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். இளமை முதலே மொறிஸ் மைனர்களோடு வாழ்ந்தவர். விடுமுறை நாளாயினும் வண்டியைக் கண்டதும் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வந்தார்.

நண்பர் கதையைச் சொன்னார். பாஸ் ஒன்றும் பேசாமல் முன்பக்க மூடியைத் திறந்து, இடப்பக்கத்து அதிர்வொடுக்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் வண்டியின் மூலையை அமுக்கி அமுக்கி விட்டார். பிறகு நண்பரின் மகளை அழைத்து, “மகள், இதில கைய வச்சுப் பாருங்க” என்றார். அவள் வைத்தாள். ஒவ்வோர் அமுக்கலுக்கும் அந்த உறுப்பு முழுவதும் ஒரு நூலளவு எழுந்து அமர்ந்தது.

இவ்வண்டியில் அதிர்வொடுக்கி என்பது இக்கால வண்டிகளில் உள்ளதுபோல் நீண்ட குழாயன்று. எண்ணெய் நிறைந்த ஓர் உலோகப் பெட்டி. அதிலிருந்து இரு கைகள் நீளும். அக்கைகளே சில்லைப் பிடிக்கும் மேற்கையாகவும் அமைகின்றன. பெட்டியை வண்டியின் உடலோடு மூன்று மரையாணிகள் பிணைக்கின்றன. புதிய பெட்டியைப் பொருத்தியவர்கள் அம்மூன்றையும் இறுதிவரை முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆணி தளர்ந்ததும் பெட்டி தூக்கித் தூக்கி வண்டியின் உடலை அடித்திருக்கிறது. தகரத்தாலான உடல் மத்தளம்போல் அதைப் பெருக்கி ஒலித்திருக்கிறது. பாஸ் ஆணிகளைக் கழற்றி, புரிகள் கெடவில்லையென்று பார்த்து, மீண்டும் பூட்டி இறுக்கினார். ஒலியின் பெரும்பகுதிக்குக் கால்மணி நேரத்தில் மருந்து கிடைத்துவிட்டது.

நண்பர் வண்டியை வாவிக்கரை ஒழுங்கைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். “பூனை நடப்பதுபோல் இருக்கிறது” என்றார். மறுநாள் திங்கட்கிழமை புறப்பட்டுச் செவ்வாய்க் காலையில் மகளைப் பேராதனையில் விட வேண்டும். அன்று அவளுக்குப் பரீட்சை. மகியங்கனை வழியாகச் செல்வதாகத் திட்டம். மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் அவ்வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலையேற்றம் இருப்பதைப் பலர் அறிந்திருப்பர். உல்லாச வண்டி வைத்திருப்போர்க்கு அவ்வளைவுகள் கரும்பு.

பணத்தை எடுத்த நண்பரிடம் பாஸ் பணத்தை வாங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, இந்தச் சத்தம் சொக் மாத்தினாப்போல வந்த சத்தம். அதுக்கு முதல் என்ன சத்தத்துக்கு சொக்க மாத்தினீங்க?”

நண்பர் திகைத்தார். அக்கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை. சற்று நினைத்துப் பார்த்து, “பிரேக் பிடிக்கும்போது சின்னதாக ஒரு ‘டிக்’... ஒரே தரந்தான். காலை எடுத்தால் இன்னொரு தரம்” என்றார். பிறகு, “அது இப்போது கேட்பதில்லை” என்றுஞ் சேர்த்தார்.

“கேக்கேல்லயா, இல்லயா?” என்றார் பாஸ்.

பெரிய ஓசை எழுந்த பின் சிறிய ஓசை எங்கே கேட்கும்? பெரியது அடங்கிய பிறகும், ஓடும் எஞ்சினும் துணிக்கூரையும் காற்றும் சேர்ந்த இரைச்சலில் அது மறைந்தே நிற்கும். “றோட்டுச் சத்தம் அடங்கட்டும். மறுகா பாப்பம்” என்று சொல்லி, பாஸ் வீட்டுக்குள்ளிருந்து எமக்குத் தேநீர் வருவித்தார். நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் எம்மைப் பார்த்தாள்.

இரவு பத்து மணிக்குமேல் வீதி ஓய்ந்தது. முழுநிலா. கொட்டகைக்கு முன்னால் கற்பதித்த முற்றம். எஞ்சினை முடுக்காமலே நாமும் ஓர் இளைஞனுமாக வண்டியைப் பின்னாலிருந்து தள்ள, நண்பர் உள்ளேயிருந்து பிரேக்கை மெல்ல மிதித்தார். ‘டிக்.’ காலை எடுத்தார். ‘டிக்.’ பேனாவின் மூடியைக் கழற்றுமளவுக்கே ஓசை. ஆனால் ஐயத்துக்கிடமின்றி இருந்தது.

எங்கிருந்து வருகிறது? நண்பர் இடப்பக்கம் என்றார்; நாம் வலப்பக்கம் என்றோம். ஒலி இரும்பில் வளியினும் பதினைந்து மடங்கு விரைந்து ஓடும். தைத்துப் பொருத்திய தகர உடலில் ஓர் மூலையில் எழுந்த ஓசை நாலா மூலைக்கும் பரவிவிடுவதால், இருக்கையில் இருக்குங் காது நல்ல சாட்சியன்று. பாஸ் மூலையிற் கிடந்த தேக்கங்கோலொன்றை எடுத்துக் குழிக்குள் இறங்கினார். வண்டியைக் குழியின்மேல் நிறுத்தி நாம் முன்னும் பின்னுமாக அசைக்க, அவர் கோலின் ஒரு நுனியை உறுப்புகளில் ஒவ்வொன்றாக ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்தார். “மாமா, துடுப்பு!” என்று எம் கையைப் பிடித்துக்கொண்டாள் நண்பரின் மகள். அடுத்த நிமிடம் அவளும் குழிக்குள் இருந்தாள். கோலை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டவள், “இடப்பக்கம், கீழே, வெளி முனை” என்றாள். பாஸ் தலையசைத்தார்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. இளம் வண்டிக்காரர்கள் இதை மனத்திற் கொள்ளலாம். இடப்பக்கத்துச் சில்லை நிலத்திலிருந்து ஜக்கினால் உயர்த்தி, சில்லின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து உள்ளும் புறமும் அசைத்தார். மிகச் சிறிய தளர்வு தெரிந்தது. உடனே நண்பரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் அசைத்தார். தளர்வு போகவில்லை. பிரேக் பிடித்ததும் தளர்வு மறைந்தால் குற்றம் சில்லு சுழலும் குண்டுப் போதிகையில். ஏனெனில் அப்பொழுது சில்லும் அதைத் தாங்கும் அச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடும். மறையாவிட்டாற் குற்றம் அதற்கும் உள்ளே, அச்சை வண்டியோடு சேர்க்கும் மூட்டுகளில்.

சில்லின் அடிமூட்டு, கீழ்க்கையின் நுனியிற் படுத்திருக்கும் ஒரு புரியாணி. கீழ்க்கை ஏறி இறங்கும்போதெல்லாம் அவ்வாணி தன் புரிக்குள் சிறிது திரும்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு உயிர் கிறீஸ். ஆணியின் முனையிலுள்ள நிப்பிள் வழியாகச் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் செலுத்துவது இவ்வண்டியை வைத்திருப்போரின் தலையாய கடன். பாஸ் கிறீஸ் துப்பாக்கியை நிப்பிளில் வைத்து அழுத்தினார். ஒரு துளியும் உட்செல்லவில்லை. என்றோ ஒருநாள் அடிப்பாகத்துக்கு அழகாகக் கறுப்புப் பூச்சு அடித்த யாரோ நிப்பிளின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். பூச்சு பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே ஆணி காய்ந்து தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

நள்ளிரவில் ஆணியைக் கழற்றினார்கள். குறுக்கே செருகியிருந்த ஆப்பாணியைத் தட்டியெடுத்து, புரியாணியைத் திருகியபோது அது திருகாமலே பாதி வெளியே வந்துவிட்டது. விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்துப் புரிகள் கூர்மையாக இருந்தன. மறுபக்கத்தில் விரலால் தடவினால் வழவழப்பு. கீழ்க்கையின் உட்புரியும் அவ்வாறே. பிரேக் பிடிக்கும்போது வீதி சில்லின் அடியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அப்போது ஆணி தன் தளர்ச்சியளவுக்கு நகர்ந்து முட்டுகிறது. அதுவே ‘டிக்’. காலை எடுத்தால் மீள்கிறது, மீண்டும் ‘டிக்’. எஞ்சியிருந்த புரியும் விட்டுக்கொடுத்தால் கீழ்க்கை கழன்று, சுருள்வில் அதைக் கீழே உதைக்க, சில்லு வெளிப்புறமாகச் சரிந்து வண்டி அந்த மூலையில் நிலத்தில் விழும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் இடத்திலேயே, அதாவது மலை வளைவிலேயே, அது நிகழ்தல் கூடும்.

இவ்வளவும் கண்ட பின்னும் நண்பர் விடவில்லை. கிறீஸை நிரப்பி, ஆணியைத் திருப்பிப்போட்டு, மெதுவாக ஓட்டிப் போகலாமே என்றார். பேராதனை வரை மட்டுந்தானே என்றார். நாம் அவரைக் குறைகூற மாட்டோம். தந்தையின் வண்டியில் மகளைப் பல்கலைக்கழக வாசலில் இறக்குவது அவருடைய நெடுநாள் ஆசை. பாஸ் பதில் சொல்லவில்லை. கழற்றிய சில்லைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினார். 

“கோவிக்காதீங்க ஐயா. நான் பூட்டித் தரமாட்டன்.”

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. வேப்பிலை தகரத்தில் விழும் ஓசை கேட்டது. “அப்பா, பஸ்ஸிலேயே போவோம். அதுவும் அந்த வளைவுகளால்தான் போகும்” என்றாள் மகள்.

மறுநாள் தந்தையும் மகளும் பஸ்ஸிற் சென்றனர். வண்டியைத் தாரில் நனைத்த கன்வஸ் துணியால் மூடிக் கொட்டகையில் விட்டோம். உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து வர ஐந்து வாரங்கள் ஆயின. அறுபதாண்டு கடந்த வண்டிக்கு ஆணியும் புரியும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதே எமக்கு வியப்பு. இரு பக்கத்துக்கும் புதிய கீழ்க்கைகளும் புரியாணிகளும் வந்தன. ஒவ்வோர் ஆணிக்கும் தூசியைத் தடுக்கும் தக்கை வளையங்கள் இரண்டு. வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தபோது அது அவ்வளவு கெட்டிருக்கவில்லை. ஆனாலும் ஒன்றை மாற்றி ஒன்றை விடக் கூடாதென்று பாஸ் உறுதியாக நின்றார்.

பொருத்துகையில் அவர் செய்த ஒன்று எம் மனத்திற் பதிந்தது. கீழ்க்கையின் உட்பக்கத்து மூட்டுகள் இறப்பர் புஷ்களால் ஆனவை. அவற்றின் மரையாணிகளை வண்டி ஜக்கின்மேல் நிற்கும்போது அவர் முற்றாக இறுக்கவில்லை. சில்லுகளைப் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கி, எம்மையும் இன்னொருவரையும் ஏற்றி உட்காரவைத்து, வில் தன் இயல்பான நிலைக்கு அமுங்கிய பின்னரே குழிக்குள் இறங்கி இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிலத்தில் நிற்கும்போதெல்லாம் இறப்பர் முறுக்குண்டே கிடக்கும். சில மாதங்களிற் கிழிந்து ‘கிறீச்’ என்று கத்தத்தொடங்கும். பிறகு முன்சில்லுகள் இரண்டும் நேராக நிற்கின்றனவா என்பதை நூல் பிடித்துப் பார்த்தார். நிப்பிள்கள் ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் செலுத்தி, மறுபக்கத்தாற் பழைய கறுப்பு நீங்கிப் புதிய கிறீஸ் பிதுங்குவதைக் கண்ட பின்னரே துணியாற் றுடைத்தார். மாற்றிய தேதியையும் மைல் கணக்கையும் சுண்ணக்கட்டியாற் கொட்டகைச் சுவரில் எழுதினார். அச்சுவரில் அதுபோல் எத்தனையோ எழுத்துகள். அவற்றுட் சிலவற்றின் வண்டிகள் இன்று இல்லை, சிலவற்றின் சொந்தக்காரர்களும் இல்லை.

தேய்ந்த ஆணியை அவரிடங் கேட்டு வாங்கிவந்தோம். அது இப்போது எம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. மாணவர்கள் திருகுமானியால் அதன் இரு பக்கங்களையும் அளந்து வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள்.

நண்பர் வந்து வண்டியை எடுத்துச்சென்றார். இம்முறை மகள் பேராதனையிலிருந்து சேர்ந்துகொண்டு தானும் சிறிது தூரம் ஓட்டினாளாம். அன்று மாலை எமக்குத் தொலைபேசியில் அழைத்து, முன்பக்கம் முற்றும் அமைதி என்றும், ஆனால் பின்னால் வலப்பக்கத்தில் ஏதோ முனகுவதுபோற் கேட்கிறதென்றும், பாஸ் ஐயாவிடம் சொல்லுங்கள் என்றும் கூறினாள். நாம் ஆரையம்பதிக்குப் போய்ச் சொன்னோம். அவர் சாய்மனையில் இருந்தபடியே கேட்டார்:

“பிரேக் அடிக்கக்குள்ளயா சேர், பள்ளத்தில விழக்குள்ளயா?”